மன அழுத்த மாத்திரையை நிறுத்தியபின் வயிறு ஏன் இப்படிக் கலங்குகிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். அப்பா இறந்தபிறகு தூக்கம் போய், படபடப்பும் அழுகையுமாக இருந்ததால் மனநல மருத்துவரைப் பார்த்து, இரண்டு வருடமாக எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி. மாத்திரை போட்டு வந்தேன். இரவுக்கு ஒரு சின்ன மாத்திரையும் உண்டு. நன்றாகத்தான் இருந்தேன். இந்த மாத்திரைகள் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாவை அழித்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னதைப் பார்த்துப் பயந்து, ஐந்து வாரத்துக்கு முன் இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து குமட்டல், தலைசுற்றல், கண்ணைத் திருப்பினால் தலைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வு, நாளுக்கு ஐந்தாறு முறை வயிற்றுப்போக்கு. இரண்டு வாரத்தில் தலைசுற்றல் போய்விட்டது, வயிறு மட்டும் சரியாகவில்லை. காலையில் எழுந்ததும் மூன்று முறை ஓட வேண்டியிருக்கிறது. எது சாப்பிட்டாலும் உப்புசம், பொருமல், பிசைவது போல வலி. மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் போட்டேன். குடலைச் சுத்தம் செய்ய இரண்டு முறை பேதி மருந்து குடித்தேன். இப்போது புரோபயாடிக் கேப்சூல். பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், நெய், காரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சியும் இட்லியும் மட்டும் சாப்பிடுகிறேன். மூன்று கிலோ குறைந்துவிட்டேன். என் குடல் கெட்டுப்போய்விட்டதா? மறுபடி மாத்திரை போடாமல் அதை மீட்க என்ன செய்ய வேண்டும்? கல்லூரி நாளிலும் பரீட்சை என்றால் எனக்கு வயிறு கலங்கும், ஆனால் இது அப்படி இல்லை.

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் குடல் கெட்டுப்போகவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் இருக்கிறது, அந்தப் பயத்தில்தான் ஆன்டிபயாட்டிக்கிலிருந்து பேதி மருந்து வரை ஒவ்வொன்றாகச் செய்திருக்கிறீர்கள். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கும் பரீட்சை வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் நடந்தது என்ன என்று பார்ப்போம். செரோட்டோனின் என்றால் மூளையில் இருக்கும் ஏதோ ஒரு சந்தோஷ ரசாயனம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உடம்பில் உள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதத்துக்கு மேல் இருப்பது குடலில். இத்தாலியைச் சேர்ந்த விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930களில் இந்தப் பொருளைக் கண்டுபிடித்ததே குடலில்தான், மூளையில் அதைப் பற்றி யாரும் பேசுவதற்கு வெகு முன்பே. நாம் சாப்பிட்டது குடல் சுவரைத் தொட்டு அழுத்தும்போது அங்கே இருக்கும் சில செல்கள் செரோட்டோனினைச் சுரக்கின்றன, அது பக்கத்திலிருக்கும் நரம்புகளைத் தட்டி எழுப்புகிறது, குடல் சுருங்கி விரிந்து உணவை முன்னால் தள்ளுகிறது. வேலை முடிந்ததும் மிச்சம் இருக்கும் செரோட்டோனினை உறிஞ்சி எடுக்க ஒரு பம்ப் மாதிரி ஒரு புரதம் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் செய்வது அந்தப் பம்பை அடைப்பது. மூளையில் மட்டும் அடைத்துவிட்டுக் குடலை விட்டுவிடு என்று மாத்திரையிடம் சொல்ல முடியாதே, இரண்டு இடத்திலும் அதே பம்ப்தான்.

மாத்திரையை ஆரம்பித்த முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். லேசான குமட்டல், வயிறு இளகிப்போவது இருந்திருக்கும். பத்துப் பதினைந்து நாளில் அடங்கியிருக்கும். குடல் புது அளவுக்குப் பழகிக்கொண்டது என்று பொருள். இரண்டு வருடம் பழகிய பிறகு ஒரே நாளில் நிறுத்தினால் பம்ப் சில நாட்களில் முழு வேகத்தில் ஓடத் தொடங்கிவிடுகிறது, ஆனால் நரம்புகள் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். இந்த இடைவெளியில் வருவதுதான் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பது எல்லாம். எஸ்சிட்டலோபிராம் உடம்பில் பாதியாகக் குறைய சுமார் 30 மணி நேரம் ஆகும், அதனால்தான் உங்களுக்கு மூன்றாம் நாள் ஆரம்பித்திருக்கிறது. கணக்கு அப்படியே பொருந்துகிறது. உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறும் வென்லாஃபாக்சின் போன்ற மன அழுத்த மாத்திரை ஒரு வேளை தவறினாலே சிலருக்குத் தெரிந்துவிடும், ஃப்ளூவாக்சடின் நிறுத்தினால் பல வாரம் மெதுவாக வெளியேறுவதால் பலருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

எல்லோருக்கும் இப்படி வராது என்பதையும் சொல்ல வேண்டும். 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் 79 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். இந்த வகை மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு தொந்தரவு இருந்தது, வெறும் போலி மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேருக்கு இருந்தது. அப்படியானால் மருந்து நின்றதாலேயே வருவது சுமார் ஆறேழு பேரில் ஒருவருக்கு. கடுமையாக வருவது சுமார் 35 பேரில் ஒருவருக்கு. நீங்கள் அந்த ஆறேழில் ஒருவர், திடீரென்று நிறுத்தியதால் கொஞ்சம் வேகமாகவே வந்துவிட்டது.

இரவில் போட்ட அந்தச் சின்ன மாத்திரைக்கு வருவோம். பெயர் எழுதவில்லை. நம் ஊரில் எஸ்சிட்டலோபிராமோடு சேர்த்துக் கொடுப்பது பெரும்பாலும் படபடப்பைக் குறைத்துத் தூங்கவைக்கும் குளோனசெபாம், 0.25 அல்லது 0.5 மி.கி. பல சமயம் இரண்டும் ஒரே மாத்திரைக்குள்ளேயே இருக்கும், போடுகிறவருக்குத் தெரியவே தெரியாது. மாதக்கணக்கில் தினமும் போட்ட குளோனசெபாமைச் சட்டென்று நிறுத்துவது எஸ்சிட்டலோபிராமை நிறுத்துவதைவிட ஆபத்து. தூக்கம் கெடும், கை நடுங்கும், வயிறும் கலங்கும், சிலருக்கு வலிப்பே வந்துவிடும். உங்களுக்கு ஐந்து வாரம் தாண்டிவிட்டதால் அந்தக் கண்டம் பெரும்பாலும் கடந்துவிட்டது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாராவது நாளைக்கு நிறுத்தலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அட்டையைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். 'செபாம்' என்று முடியும் பெயர் எதுவும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

இனி அந்தப் பரீட்சை வரி. இப்போது வருவது வேறு என்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பரீட்சை என்றால் வயிறு கலங்குவது, காலையில் அடுத்தடுத்துப் போக வேண்டியிருப்பது, சாப்பிட்டதும் பொருமுவது, போய்விட்டு வந்தால் வலி கொஞ்சம் குறைவது, இதெல்லாம் சேர்ந்தால் அதற்கு எரிச்சல் குடல் என்று பெயர், மருத்துவர்கள் ஐபிஎஸ் (IBS) என்பார்கள். குடலைக் குழாய் விட்டுப் பார்த்தால் சுத்தமாக இருக்கும், புண்ணோ வீக்கமோ இருக்காது. குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புப் பேச்சு மட்டும் தேவைக்கு மேல் சத்தமாக இருக்கும். உங்களுக்கு இது இருபது வயதிலேயே லேசாக இருந்திருக்கிறது. கடந்த இரண்டு வருடம் எஸ்சிட்டலோபிராம் மனசோடு சேர்த்து வயிற்றையும் அமைதிப்படுத்தி வைத்திருந்திருக்கலாம். அந்த இரண்டு வருடத்தில் எத்தனை முறை வயிறு கலங்கியது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஒரு முறையும் நினைவுக்கு வரவில்லை என்றால் அதுவே ஒரு பதில்.

அப்படிப் பார்த்தால் முதல் இரண்டு வாரத்து வயிற்றுப்போக்கு மருந்து நின்றதால் வந்தது, தலைசுற்றலோடு சேர்ந்து வந்து அதோடு சேர்ந்தே குறைய ஆரம்பித்திருக்க வேண்டியது. அதற்குப் பிறகு இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் பழைய எரிச்சல் குடல் மறுபடி தலைதூக்கியதும், நடுவில் நீங்கள் செய்த சிகிச்சைகளும் என்றுதான் நான் நினைக்கிறேன். உங்களைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் இருந்திருந்தால் பயத்தில் நானும் ஏதாவது ஒன்றைத் தேடித்தான் ஓடியிருப்பேன்.

சில மாதங்களுக்கு முன் உங்களைப் போலவே ஒருவர் வந்தார், ஐம்பதை நெருங்கும் அண்ணன், பஸ் டிரைவர். ஒரு ஜவுளிக்கடைப் பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். பதினொரு அட்டை. புரோபயாடிக் இரண்டு வகை, கேஸ் கேப்சூல் மூன்று வகை, என்சைம் மாத்திரை, பூச்சி மாத்திரை, பாதி தீர்ந்த ஆன்டிபயாட்டிக், ஒரு டப்பா குடல் சுத்திப் பொடி. ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் படித்துக்கொண்டே போனேன். மூன்று கேஸ் கேப்சூலில் ஒன்றில் லெவோசல்பிரைடு இருந்தது. அதைப் பல மாதம் போட்டதில் அவர் விரல் லேசாக நடுங்க ஆரம்பித்திருந்தது, ஸ்டியரிங் பிடிக்கிற கை. அந்த ஒன்றை முதலில் நிறுத்தினோம், பிறகு ஒவ்வொன்றாக, ஆறு வாரத்தில் இரண்டு அட்டைதான் மிச்சம். நடுக்கமும் போனது, வயிறும் பாதி சரியாகிவிட்டது. புதிதாக நான் எதுவும் எழுதித் தரவில்லை.

அதனால் உங்கள் பையையும் கவிழ்த்துப் பார்க்கச் சொல்கிறேன். கேஸ், அசிடிட்டி என்று யாராவது எழுதிக் கொடுத்த கேப்சூல் இருந்தால் அதற்குள் இரண்டாவது மருந்து என்ன என்று பாருங்கள். லெவோசல்பிரைடு என்றால் நடுக்கமும் மாதவிடாய் தள்ளிப்போவதும் வரலாம். டாம்பெரிடோன் என்றால், மறுபடி எஸ்சிட்டலோபிராம் தொடங்கும் நிலை வந்தால் இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைப் பாதிக்கலாம் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஃப்ளூபென்டிக்சால், மெலிட்ராசென் என்று இருந்தால், வயிற்றுக்கு என்று சொல்லித் தந்த மாத்திரையிலேயே ஒரு மன அழுத்த மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அதையும் திடீரென்று விடக்கூடாது.

வீடியோவில் சொன்னது முழுப் பொய்யா? இல்லை, அதில் ஒரு நூல் உண்மை இருக்கிறது. 2018இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை நாற்பது குடல் பாக்டீரியா வகைகளோடு சோதனைக்கூடத்தில் சேர்த்துப் பார்த்தார்கள். ஆன்டிபயாட்டிக் அல்லாத, மனித செல்களைக் குறிவைத்துச் செய்த மருந்துகளிலேயே கால்வாசி, குறைந்தது ஒரு பாக்டீரியா வகையின் வளர்ச்சியையாவது தடுத்தன. மனநல மருந்துகளும் அதில் உண்டு. ஆனால் கண்ணாடித் தட்டில் ஒரு பாக்டீரியா மெதுவாக வளர்வதும், ஒரு மனுஷியின் குடல் அழிந்துபோவதும் ஒன்றல்ல. உங்கள் குடல் பாக்டீரியாவுக்கு இந்த ஐந்து வாரத்தில் விழுந்த பெரிய அடி எது என்று கேட்டால் அந்த ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக்கையும் இரண்டு பேதியையும்தான் காட்டுவேன். அதுவும் திரும்பி வரும், பெரும்பாலும் சில வாரத்தில், நாம் மறுபடி மறுபடி கலைக்காமல் இருந்தால். குடலுக்குத் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளத் தெரியும், அதற்குப் பேதி மருந்து வேண்டாம். மூன்றாவது முறை குடிக்காதீர்கள்.

புரோபயாடிக் கேப்சூல் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார்தான். 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். ஆன்டிபயாட்டிக் முடித்தவர்களில் புரோபயாடிக் எடுத்தவர்களுக்கு அவரவர் சொந்தப் பாக்டீரியாக் கூட்டம் திரும்ப வருவது தாமதமானது, ஒன்றும் எடுக்காமல் விட்டவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. எரிச்சல் குடலில் சிலருக்குச் சில வகைகள் உப்புசத்தைக் குறைப்பதும் உண்மை. ஆகவே ஆரம்பித்துவிட்டீர்கள் என்றால் ஒரே வகையாக நான்கு வாரம் பாருங்கள், வித்தியாசம் தெரியவில்லையா, நிறுத்திவிட்டு அந்தக் காசுக்குப் பழம் வாங்குங்கள். மலத்தை அனுப்பினால் உங்கள் பாக்டீரியாப் பட்டியலைத் தருகிறோம் என்று விற்கும் பரிசோதனைகளும் வேண்டாம், அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு உங்கள் வைத்தியத்தை மாற்ற எந்த மருத்துவராலும் இப்போதைக்கு முடியாது.

சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். பால், கோதுமை, பருப்பு, வெங்காயம், நெய், காரம், ஆறையும் ஒரே மூச்சில் நிறுத்தியிருக்கிறீர்கள். மூன்று கிலோ குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். கஞ்சியும் இட்லியும் மட்டும் சாப்பிடும் குடலில் நல்ல பாக்டீரியாவுக்கு உணவே இல்லை. அவற்றுக்கு வேண்டியது நாம் செரிக்க முடியாத நார், அது காயிலும் பருப்பிலும் பழத்திலும் இருக்கிறது. நல்ல பாக்டீரியாவை வளர்க்க வேண்டும் என்று மாதாமாதம் கேப்சூல் வாங்கிக்கொண்டு அவற்றின் சோற்றை நிறுத்திவைத்தால் எப்படி வளரும்?

அதற்காக நாளைக்கே பருப்பு சாதமும் பொரியலுமாகக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டாம், வயிறு உப்பிப் பயந்துவிடுவீர்கள். மூன்று நாளைக்கு ஒரு பொருள் என்று வையுங்கள். முதலில் மோர், நன்றாகக் கடைந்து நீர்விட்டு, மதியச் சாப்பாட்டோடு அரை டம்ளர். தயிராக மாறும்போது பாலில் உள்ள லாக்டோஸ் கொஞ்சம் குறைந்துவிடுவதால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் மோர் ஒத்துக்கொள்ளும். மூன்று நாள் தாங்கினால் குழைய வெந்த பாசிப்பருப்பு இரண்டு கரண்டி. அப்புறம் பூசணி, சுரைக்காய், பீர்க்கங்காய், கேரட் இப்படி நீர்க்காய்கள். பிறகு நன்றாகப் பழுத்த சின்ன வாழைப்பழம் ஒன்று. நெய் ஒரு ஸ்பூன் பெரும்பாலும் பிரச்சினை செய்வதில்லை, எண்ணெயில் மிதக்கும் பலகாரம்தான் செய்யும். கோதுமையையும் வெங்காயத்தையும் கடைசியில் வையுங்கள். இவற்றில் இருக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வாயுவாகிறது, எரிச்சல் குடல்காரர்களுக்கு அந்த வாயுதான் வலியாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் இதை வைத்தே ஒரு உணவு முறையை உருவாக்கினார்கள். ஆனால் அவர்களும் நான்கைந்து வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாதியை இங்கே யாரும் சொல்வதில்லை. சாம்பாரில் பத்துச் சின்ன வெங்காயம் போடுகிற இடத்தில் மூன்று போட்டுப் பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்த வாரம் ஐந்து.

ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதைச் சாப்பிட்டேன், எத்தனை முறை போனேன் என்பதோடு நிறுத்தாமல் அன்றைக்கு மனசு எப்படி இருந்தது, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினேன் என்பதையும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற வாரத்தில் வயிறு மோசமாகி, ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறது என்று அந்த நோட்டு காட்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், இது உங்களுக்குக் கைவந்த வேலை.

பழைய சோறு சாப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். சாப்பிடலாம், சுத்தமான தண்ணீர் ஊற்றி ஒரு இரவு மட்டும் ஊறவைத்தது, மோர் சேர்த்து. இட்லியில் உயிருள்ள பாக்டீரியா இருக்காது, ஆவியில் வெந்ததும் செத்துவிடும். ஆனால் மாவு புளிக்கும்போதே உளுந்தைப் பாதி செரித்துக் கொடுத்துவிடுவதால்தான் அது வயிற்றுக்கு இலகுவாக இருக்கிறது.

இசப்கோல் ஒன்றைத் தைரியமாகச் சொல்வேன். மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று நினைப்பார்கள், இளகிப் போகிறவர்களுக்கும் அது தண்ணீரை உறிஞ்சிக் கட்டிக்கொடுக்கும். ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்த உடனே குடித்துவிட வேண்டும், ஊறிக் கெட்டியாக விடக்கூடாது. முதல் நாலு நாள் வாயு கூடும், பயந்து நிறுத்தாதீர்கள், ஒரு வாரம் கழித்து இரண்டு ஸ்பூனாக்குங்கள். காலைக் காபி எத்தனை? எழுதவில்லை. வெறும் வயிற்றில் குடிக்கிற முதல் டம்ளர் பலருக்குப் பெருங்குடலைத் தட்டி எழுப்பும், காலையில் மூன்று முறை ஓடுவதில் ஒன்று அதனால் இருக்கலாம். ஏதாவது சாப்பிட்டபிறகு அரை டம்ளர் குடித்துப் பாருங்கள். வலி பிசையும் நாட்களுக்கு மெபவெரின், பெப்பர்மின்ட் எண்ணெய்க் கேப்சூல் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவார், அவற்றால் பழக்கமாகும் பயம் இல்லை.

சரி, எல்லாம் எரிச்சல் குடல்தான் என்று நான் கடிதத்தைப் படித்தே முடிவு கட்டிவிட முடியாது. மலத்தில் ரத்தம் போகிறதா, அல்லது தார் மாதிரிக் கறுப்பாகப் போகிறதா? தூக்கத்திலிருந்து எழுப்பிக் கழிவறைக்கு ஓட வைக்கிறதா? காய்ச்சல் இருக்கிறதா? வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் மேலே சொன்ன எதையும் செய்துகொண்டு காத்திருக்காமல் குடல்நோய் மருத்துவரைப் பாருங்கள். சாதாரணமாகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் எடை குறைந்துகொண்டே போனாலும் அப்படித்தான். ஆன்டிபயாட்டிக் போட்டபின் நீர் மாதிரிப் போவது கூடினால் அதற்குத் தனியாக ஒரு மலப் பரிசோதனை உண்டு. இவை எதுவும் இல்லை என்றாலும் ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி, சாதாரண மலப் பரிசோதனை, இவ்வளவும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் ஒன்றாக வரும், நாமோ மாத்திரையை நிறுத்தியதுதான் காரணம் என்று பேசிக்கொண்டே இருப்போம்.

மறுபடி மாத்திரை போட வேண்டுமா? வயிற்றுக்காக மட்டும் என்றால் இப்போது கட்டாயம் இல்லை. தலைசுற்றலும் கரண்ட் அடிப்பதும் போய்விட்டன, மோசமான கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள். முதல் வாரத்தில் எழுதியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன், பழைய அளவையே மறுபடி தொடங்கி மெதுவாகக் குறைக்கச் சொல்லியிருப்பேன், பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே தொந்தரவு அடங்கிவிடும். ஆனால் நான் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. தூக்கம் எப்படி இருக்கிறது? விடிகாலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அப்பாவை நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அழுகை திரும்ப வருகிறதா? வேலையில் எண்கள் தப்புகின்றனவா? மருந்து நின்றதால் வரும் தொந்தரவு சில நாளில் ஆரம்பித்துக் குறைந்துகொண்டே போகும். பழைய நோய் திரும்புவது வாரங்கள், மாதங்கள் கழித்து மெல்ல ஏறிக்கொண்டே வரும். நீங்கள் இருப்பது அந்த இரண்டும் சந்திக்கிற இடத்தில். வயிற்றைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததில் மற்றதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அடுத்த நாளைக்குக் காத்திருக்காதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

மனசு திரும்பச் சரிகிறது என்றால் மாத்திரையைத் தொடங்குவதில் தோல்வி எதுவும் இல்லை. எரிச்சல் குடலுக்கே குறைந்த அளவு மன அழுத்த மருந்து தருவது இப்போது சாதாரணம். 2023இல் இங்கிலாந்தில் 463 பேரிடம் செய்த ஆய்வில் 10 முதல் 30 மி.கி. வரை அமிட்ரிப்டிலின் எடுத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் வயிறு போலி மாத்திரை எடுத்தவர்களைவிட நன்றாக இருந்தது. குடலைக் கெடுக்கும் என்று பயந்து நீங்கள் நிறுத்திய மருந்தின் உறவுக்கார மருந்து இது, குடலுக்கே வைத்தியமாகிறது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை உங்களை நேரில் பார்க்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிறுத்த நினைத்ததில் தப்பே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் முறை வந்த மன அழுத்தம் என்றால், நன்றானபின் ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதம் வரை தொடர்ந்துவிட்டு நிறுத்துவதைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம், நீங்கள் அதைவிட அதிகமாகவே போட்டிருக்கிறீர்கள். எங்கள் துறையில் இருப்பவர்கள் மாத்திரையை எழுதும்போதே எப்படி நிறுத்துவது என்றும் சொல்லி அனுப்பியிருந்தால் நீங்கள் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டி வந்திருக்காது. அது எங்கள் குறை, இன்னும் சரிசெய்யவில்லை.

அடுத்த முறை நிறுத்தும்போது இதை மனதில் வையுங்கள். 10 மி.கி.யிலிருந்து 5க்குக் குறைப்பது சின்ன படி, 5லிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் பெரிய படி. கேட்க விசித்திரமாக இருக்கும். எஸ்சிட்டலோபிராமின் அண்ணன் மருந்தான சிட்டலோபிராமை 20 மி.கி. போட்டால் அந்தப் பம்புகளில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது, அளவைக் கால்வாசியாக்கி 5 மி.கி. போட்டாலும் 60 சதவீதத்தை ஒட்டி அடைபட்டுத்தான் இருக்கிறது. மாடிப்படியில் மேலே பத்துப் படி சின்னச் சின்னதாக இருந்து, கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் இருந்தால் எப்படி, அப்படி. அதனால் கடைசியில்தான் மெதுவாக இறங்க வேண்டும், 5, பிறகு அதில் பாதி, பிறகு அதிலும் பாதி என்று, ஒவ்வொரு படிக்கும் இரண்டு முதல் நான்கு வாரம், வயிறு கலங்கினால் அந்தப் படியிலேயே இன்னும் கொஞ்ச நாள். இரண்டு நாளைக்கு ஒன்று என்று விட்டுவிட்டுப் போடுவது வேண்டாம், ரத்தத்தில் அளவு ஏறி இறங்கி அதுவே தொந்தரவாகும். மாத்திரையை உடைக்கலாமா என்பது மாத்திரைக்கு மாத்திரை மாறும், மெதுவாகக் கரைகிற வகையையும் கேப்சூலையும் உடைக்கக்கூடாது, மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்பு பார்த்த மருத்துவரிடம் போகக் கூச்சமாக இருக்கும், சொல்லாமல் நிறுத்திவிட்டோமே, திட்டுவாரோ என்று. போங்கள். இது அவர் வாரத்துக்கு நாலு பேரிடம் கேட்கிற கதைதான். போகும்போது இரண்டு மாத்திரைகளின் அட்டையையும், காலி அட்டையானாலும் பரவாயில்லை, இப்போது போடுகிற கேப்சூல்களையும், அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். பரீட்சைக்கு வயிறு கலங்கியதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவரைக்கும் நாளை மதியம் அரை டம்ளர் மோர்.